அலுமாரியை மூடுவதற்கு முன் ஒரு நாவலை வாசித்துவிட்டு வாருங்கள்



பதிவு நீளமானது. ஆறுதலாக வாசியுங்கள். வாசித்துவிட்டு ஏசுவதென்றாலும் ஏசுங்கள், வாசிக்காமல் ஏசாதீர்கள். இந்தப் பதிவின் சாரமே அதுதான்.

எங்கள் ஊர் வாசிகசாலையில் பழைய மாத நாவல்கள் இருக்கும் அலுமாரியை அகற்ற வேண்டும் என்று இரண்டு கிழமையாக ஊர் வட்சப் குழுமங்களில் பேச்சு நடக்கிறது. "வாசகர் வட்டம் என்ற பெயரில் குமர்ப் பிள்ளைகளுக்குக் காதல் கதை வாசிக்கக் கொடுக்கிறார்கள்" என்பதுதான் குற்றச்சாட்டு. அந்த வட்டத்தை நடத்துவது ஆசிரியர்களான நாங்கள் நான்கு பேர். வாசிகசாலைக் குழு அடுத்த கிழமை கூடி முடிவெடுக்கப் போகிறது. அதற்கு முன், நடந்ததை நடந்தபடியும் எங்கள் கருத்தை எங்கள் கருத்தாகவும் எழுதி வைக்கிறோம்.

நாங்கள் கொடுத்தது ஒரே ஒரு நாவல். பட்டுக்கோட்டை பிரபாகர் எழுதிய பரத் – சுசீலா நாவல்களில் ஒன்று. அட்டையும் முதல் சில பக்கங்களும் கிழிந்து, தலைப்பே இல்லாமல் கிடந்த பிரதி. ஏ.எல். எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள், கலியாணம் முடித்த இரண்டு ராத்தாமார், ஓய்வு பெற்ற ஒரு காக்கா என்று மொத்தம் பதினொரு பேர். ஒரு பிரதி பதினொரு கைகளுக்குப் போய்வர ஆறு கிழமை எடுத்தது. பிறகு எல்லோரும் கூடியிருந்து அபிப்பிராயம் சொன்னார்கள். நடந்தது இவ்வளவுதான்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு பரத்தையும் சுசீலாவையும் அறிமுகம் செய்யத் தேவையில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். 'மூன்லைட்' என்ற பெயரில் ஒரு துப்பறியும் நிறுவனம். அதில் பரத்தும் சுசீலாவும் சேர்ந்து வேலை செய்கிறார்கள். இருவருக்கும் காதல். எந்த நேரமும் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டே இருப்பார்கள். கொலை நடக்கும், துப்புத் துலக்குவார்கள், நடுவில் பகிடி ஓடும். சுசீலா அணியும் டீ சேர்ட்டில் ஒவ்வொரு முறையும் ஒரு குறும்பான வாசகம் இருக்கும். அந்த வாசகத்துக்காகவே புத்தகம் வாங்கியவர்கள் இருந்தார்கள்.

இது அவர் ஒருவருடைய பாணி மட்டுமல்ல. 1980களிலும் 90களிலும் மாத நாவல்களில் ஜோடியாகத் துப்பறிவது ஒரு வழக்கமாகவே இருந்தது. சுபாவுக்கு நரேந்திரனும் வைஜயந்தியும். ராஜேஷ்குமாருக்கு விவேக்கும் ரூபலாவும். உள்ளங்கை அளவுப் புத்தகம், மஞ்சளாகிப் போகும் தாள், பஸ் நிலையக் கடையில் கயிற்றில் தொங்கும். 1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்தார்கள். அந்த இடைவெளியில் வீரகேசரி பிரசுரம் போன்றவை நம் நாட்டு எழுத்தாளர்களின் நாவல்களை மலிவுப் பதிப்பில் கொண்டுவந்தன. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு இந்தியப் புத்தகங்கள் மீண்டும் வந்து குவிந்தன. நமது வாசிகசாலை அலுமாரியில் இருப்பவை அப்படி வந்து, பல வீடுகளில் கைமாறி, கடைசியில் யாரோ அன்பளிப்புச் செய்தவை.

இனி, எங்கள் வாசகர்கள் என்ன சொன்னார்கள் என்று பாருங்கள்.

ஏ.எல். எழுதிய ஒரு பிள்ளை முதலில் பேசினாள். "கொலைகாரன் யாரெண்டு பாதியிலேயே கண்டுபிடிச்சிட்டன். துப்பறியிற பகுதி லேசு. ஆனா புத்தகத்த மூடி வைக்கல்ல. அவங்க ரெண்டு பேரும் எப்படிப் பேசிக்கிறாங்க எண்டு பார்க்கத்தான் மீதிய வாசிச்சன்" என்றாள். ஒரு நாவல் எங்கே தோற்கிறது, தோற்ற பிறகும் எதனால் வாசிக்க வைக்கிறது என்று இரண்டே வசனத்தில் சொல்லிவிட்டாள்.

அடுத்தது ஒரு ராத்தா. இரண்டு பிள்ளைகளின் உம்மா. "சிரிப்பு வந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனா சிரிச்ச பிறகு யோசிச்சன். பகிடியெல்லாம் சுசீலாட உடம்புலதான் வந்து நிக்கிது. பரத்தும் சேர்ட்தானே போடுறான்? அதுல ஏன் ஒண்டும் எழுதல்ல?" என்று கேட்டார். கூட்டம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. பிறகு பெண் பிள்ளைகள் எல்லோரும் ஒரேயடியாகப் பேசத் தொடங்கினார்கள்.

ஓய்வு பெற்ற காக்கா இந்தக் கதைகளை இளவயதில் இரசாயனவியல் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து வாசித்தவர். அவர் சொன்னார்: "அந்த நேரம் நாங்க பார்த்தது டீ சேர்ட்ட மட்டும்தான். இப்ப வாசிக்கக்குள்ள, வேலையில பாதிய அவள் செய்றாள் எண்டு தெரியுது. அவள் கெட்டிக்காரி எண்டத நாங்க அப்ப கவனிக்கவே இல்ல." புத்தகம் மாறவில்லை. வாசித்தவருக்கு வயது போய்விட்டது, அவருக்கு மகள்மாரும் இருக்கிறார்கள். அதே புத்தகம் இப்போது அவரிடம் வேறொன்றைப் பேசுகிறது.

கடைசியாகப் பேசியவர் மற்ற ராத்தா. குறைவாகப் பேசுபவர். "செத்த ஆள்ட பேர் என்னண்டு எனக்கு ஞாபகமில்ல. புத்தகத்த முடிச்ச பிறகு தேடிப் பார்த்தன். அந்த ஆளுக்காக ஒத்தரும் அழல்ல. எல்லாரும் பகிடி விடுறாங்க. அது எனக்கு ஒரு மாதிரி இருந்திச்சி."

இதை எங்களால் இலகுவில் மறக்க முடியவில்லை. 1990ஐக் கண்ட ஊர்கள் நமது கிழக்கில் எத்தனை? நம்மில் பலருடைய வீடுகளில் மையித்து என்பது கதையைத் தொடக்கி வைக்கும் புதிர் அல்ல. அதற்கு ஒரு பெயர் உண்டு, அழுத ஆட்கள் உண்டு, வருடா வருடம் நினைவு வரும் ஒரு திகதி உண்டு. பகிடியும் கொலையும் ஒரே பக்கத்தில் வரும் நாவலைப் பற்றி பெரிய விமர்சகர்கள் எழுப்பக்கூடிய ஒரு கேள்வியை, பத்தாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திய ஒரு பெண் எழுப்பினார். அதை எழுப்ப அவருக்கு அந்த நாவல் தேவைப்பட்டது.

இந்த நாலு அபிப்பிராயங்களையும் வட்சப்பில் வந்தவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "சாக்கடை." "டைம் வேஸ்ட்." "இதுதான் ஆசிரியர்கள் செய்யும் வேலையா?" மறுபக்கத்தில் இருந்து வந்ததும் பெரிதாக வேறில்லை: "சூப்பர் நாவல், நாங்களும் வாசித்திருக்கிறோம்", பக்கத்தில் இரண்டு இதயக் குறி. ஒருவர் கூட ஒரு பக்கத்தையோ ஒரு சம்பவத்தையோ ஒரு பாத்திரத்தையோ குறிப்பிடவில்லை. ஏசியவர்களும் புகழ்ந்தவர்களும் புத்தகத்தைத் தொடாமலேயே பேசிவிட்டார்கள். இவற்றை வாசகர் அபிப்பிராயம் என்று எங்களால் ஏற்றுக்கொள்ள முடியாது. வாசகரின் அபிப்பிராயம் என்றால், "இந்த இடத்தில் எனக்கு இப்படி இருந்தது, ஏனென்றால் இது" என்று அதில் இருக்க வேண்டும். ராத்தா சொன்னதில் மூன்றும் இருந்தன.

"அதற்கு இப்படியான நாவல்தானா கிடைத்தது? நல்ல இலக்கியம் இல்லையா?" என்று சிலர் மரியாதையாகவே கேட்டார்கள். நியாயமான கேள்வி. எங்கள் விடை இது.

ஓ.எல். தமிழ் மொழியும் இலக்கியமும் பாடத்துக்கு நாங்கள் விடைத்தாள் திருத்துபவர்கள். ஒரு கவிதையின் நயம் கேட்டால் வகுப்பில் முப்பது பிள்ளைகளும் ஒரே வசனத்தை எழுதுவார்கள். "கவிஞர் மிக அழகாகவும் பொருத்தமாகவும் எடுத்தியம்பியுள்ளார்." ரியூசன் நோட்ஸில் இருப்பது அது. அந்தப் பிள்ளைக்குக் கவிதை பிடித்ததா, விளங்கியதா, சலித்ததா என்று அந்த வசனத்திலிருந்து ஒன்றும் தெரியாது. புள்ளி கிடைக்கும். பத்து வருடம் தமிழ் படித்த பிள்ளை சொந்தமாக ஓர் அபிப்பிராயம் சொல்லாமலே பாடசாலையை விட்டுப் போகும். பிறகு அது சீட்டுக்காரனின் பேச்சை நம்பும், வெளிநாட்டு முகவரின் பேச்சை நம்பும், தேர்தல் மேடையில் சொல்வதை நம்பும். ஏன் நம்புகிறாய் என்று கேட்டால் விடை இருக்காது.

பரத் – சுசீலாவுக்கு நோட்ஸ் இல்லை. எந்த ரியூசன் வகுப்பிலும் அதன் நயம் கற்பிப்பதில்லை. எதைச் சொன்னால் ஆசிரியர் சந்தோசப்படுவார் என்று பிள்ளைக்குத் தெரியாது. வேறு வழியில்லாமல் தன் மனதில் உள்ளதைச் சொல்ல வேண்டி வருகிறது. நாங்கள் இதைத் தெரிவு செய்த முதல் காரணம் அதுதான்.

இரண்டாவது காரணம், இந்த வகை நாவல் வாசகருக்கு மூன்று வாக்குறுதி தருகிறது. சிரிக்க வைப்பேன், காதலைச் சொல்வேன், புதிரை அவிழ்ப்பேன். மூன்றையும் யாரும் சோதித்துப் பார்க்கலாம். சிரிப்பு வந்ததா, இல்லையா? இவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள் என்று நம்பினீர்களா, இல்லையா? கடைசியில் வந்த விளக்கத்துக்கான துப்பு முன்னமே உங்கள் கண்ணில் காட்டப்பட்டதா, அல்லது எழுத்தாளர் சட்டைப் பைக்குள் ஒளித்து வைத்திருந்தாரா? இதைச் சொல்ல இலக்கியக் கோட்பாடு தேவையில்லை, கவனமாக வாசித்திருந்தால் போதும்.

மூன்றும் ஒன்றோடொன்று இலகுவில் ஒத்துப் போகாது என்பதுதான் சுவாரசியமான விடயம். புதிர் வேகமாக ஓடச் சொல்லும். காதல் கொஞ்சம் நில் என்று சொல்லும். பகிடி விட வேண்டுமென்றால் மனம் இலேசாக இருக்க வேண்டும், ஆனால் அறையின் நடுவில் ஒரு பிணம் கிடக்கிறது. மூன்றையும் சேர்த்து ஓட்டுவது மூன்று பிள்ளைகளை ஒரே சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவது போல. எங்கே சரிந்தது என்று வாசகருக்கு உடனே தெரிந்துவிடும்.

இந்தச் சண்டை தமிழுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் எஸ். எஸ். வான் டைன் 1928இல் துப்பறியும் கதைக்கு இருபது விதிகள் எழுதினார். அதில் மூன்றாவது விதி, காதல் வரக் கூடாது என்பது. கதையின் வேலை குற்றவாளியைச் சட்டத்தின் முன் நிறுத்துவது, ஒரு ஜோடியைச் சேர்த்து வைப்பது அல்ல என்பது அவர் கட்சி. இங்கிலாந்தில் டொரத்தி செயர்ஸ் என்ற பெண் எழுத்தாளரும் அந்த வருடத்தில் கிட்டத்தட்ட இதே பக்கம்தான் நின்றார். ஆனால் 1930இல் அவரே 'ஸ்ட்ரோங் பொய்ஸன்' நாவலில், கொலைக் குற்றம் சாட்டப்பட்டு வழக்கில் நிற்கும் ஹரியட் வேன் என்ற பெண்ணை, அவளைக் காப்பாற்ற வந்த துப்பறிபவர் விரும்புவதாக எழுதினார். உயிரைக் காப்பாற்றியதற்கு நன்றியாகக் காதலைத் தர முடியாது என்பதால் அவள் மறுத்துக்கொண்டே இருக்கிறாள். 1935இல் வந்த நாவலின் முடிவில்தான் சம்மதிக்கிறாள். கலியாணத்துக்குப் பிந்திய கதையாக 1937இல் வந்த நாவலுக்கு, துப்பறியும் இடையூறுகளுடன் ஒரு காதல் கதை என்று அவரே துணைத் தலைப்பு வைத்தார். அதைக் கொண்டாடிய வாசகர்களும் உண்டு, காதல் புகுந்து துப்பறியும் கதையைக் கெடுத்துவிட்டது என்று குறைப்பட்டவர்களும் உண்டு. இன்றைக்கும் அந்த வாதம் முடியவில்லை. எங்கள் பிள்ளை "துப்பறியிற பகுதி லேசு, பேச்சுக்காகத்தான் வாசிச்சன்" என்று சொன்னபோது, தனக்குத் தெரியாமலே அந்த வாதத்தில் ஒரு கட்சி எடுத்துவிட்டாள்.

தமிழுக்குள்ளேயே ஒப்பிட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 1940களில் தேவன் ஆனந்த விகடனில் 'துப்பறியும் சாம்பு' எழுதினார். வங்கி வேலை போன ஓர் அப்பாவி மனிதர். உளறுவார், தடுக்கி விழுவார், அது எப்படியோ துப்பாகி மாட்டிக்கொண்டவன் குற்றவாளியாக இருப்பான். சிரிப்பு முழுவதும் சாம்புவின் தலையில்தான் விழும். வேம்புவுக்கும் அவருக்கும் உள்ள பாசத்தில் ஆபாசம் என்று ஒரு சொல் கிடையாது. பிறகு சுஜாதா வந்தார். 1968இல் 'நைலான் கயிறு' நாவலில் கணேஷ் தனியாக வந்தார். பின்னால் வசந்த் சேர்ந்தான். வசந்தின் பகிடி பெரும்பாலும் வழியில் வரும் பெண்களைப் பற்றியது. கடைசி வரைக்கும் முழுதாகச் சொல்லாத அவனுடைய மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக்கை இன்றும் வாசகர்கள் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த பரத் – சுசீலாவில் பெண்ணும் துப்பறிகிறாள், வாயும் கொடுக்கிறாள், ஆனால் பகிடியின் இலக்கும் அவள்தான்.

சாம்புவில் சிரிப்பு துப்பறிபவர் மீது. வசந்திடம் சிரிப்பு வழியில் வரும் பெண் மீது. இங்கே சிரிப்பு துப்பறியும் பெண் மீது. இந்த வரிசையை நாங்கள் கரும்பலகையில் எழுதவில்லை. "பரத்ட சேர்ட்டுல ஏன் ஒண்டும் இல்ல?" என்று ராத்தா கேட்ட கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனபோது பிள்ளைகள் தாங்களாகவே வந்து சேர்ந்த இடம் அது. பகிடி என்றால் யாருடைய செலவில் என்று கேட்கப் பழகிய பிள்ளை, நாளைக்கு பஸ்ஸில் ஒருவன் "சும்மா பகிடிக்கு" என்று சொன்னால் அதற்கும் விடை வைத்திருக்கும். ஒழுக்கத்தைப் பாதுகாக்க வேண்டும் என்று கவலைப்படும் சகோதரர்களிடம் கேட்கிறோம்: அலுமாரியை அகற்றுவதால் இந்தப் பாதுகாப்புக் கிடைக்குமா?

பெற்றோரின் கவலையை நாங்கள் தட்டிக் கழிக்கவில்லை. அந்த நாவல்களில் சின்னப் பிள்ளைகளுக்குப் பொருந்தாத வரிகள் இருக்கின்றன. சில அட்டைப் படங்களை நடுக்கூடத்தில் வைக்க முடியாது. அதனால்தான் வட்டத்தில் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கவில்லை. கலந்துரையாடலுக்குப் பெற்றோரும் வரலாம் என்று முதல் நாளே அறிவித்தோம். இரண்டு உம்மாமார் வந்து இருந்தார்கள். மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நாங்கள் ஆட்கள் அல்ல, அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். அவர்களிலும் யாராவது வந்து உட்கார்ந்து பிள்ளைகள் பேசுவதைக் கேட்டால் எங்களுக்குச் சந்தோசம்தான்.

ஆனால் ஒன்றை நேராகப் பேசுவோம். அலுமாரியைப் பூட்டினால் நம் பிள்ளைகள் காதல் கதை வாசிப்பதை நிறுத்திவிடுவார்களா? ரமணிசந்திரன் நாவல்கள் பீ.டி.எப். ஆக எத்தனை ஃபோன்களில் இருக்கின்றன என்று உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள். கதைச் செயலிகளில் ஒவ்வொரு நாளும் புதிது புதிதாகத் தொடர்கள் வருகின்றன. அவற்றில் அடிக்கிற காதலனையும் கடத்திக்கொண்டு போகிற கணவனையும் ஆண்மை என்று எழுதியிருப்பவை உண்டு. இவற்றைப் பிள்ளைகள் வாசிப்பது இராத்திரி பன்னிரண்டு மணிக்கு, போர்வைக்குள், தனியாக. "இது சரியா?" என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. பரத் – சுசீலாவை அவர்கள் வாசித்தது ராத்தாமாரோடு, காக்காவோடு, ஆசிரியர்களோடு, பகல் வெளிச்சத்தில். எதில் ஆபத்து அதிகம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்தப் பயம் புதியதும் அல்ல. நூறு வருடங்களுக்கு முன்பு ஜே. ஆர். ரங்கராஜுவும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் துப்பறியும் நாவல்களை எழுதிக் குவித்தபோது, நாவல் வாசித்தால் பெண்கள் கெட்டுப் போவார்கள் என்று தமிழ்நாட்டிலும் பேசினார்கள், எழுதினார்கள். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' வந்தது 1908இல். காதலும் கொலையும் துப்பறியும் கோவிந்தனும் சேர்ந்த கதை அது. கண்டித்தவர்கள் கண்டித்தார்கள், வாசித்தவர்கள் வாசித்தார்கள். ஆனால் அந்த வாசகர்கள் என்ன நினைத்தார்கள், குறிப்பாக அந்தப் பெண்கள் என்ன நினைத்தார்கள் என்பதை எழுதிவைத்தவர்கள் மிகக் குறைவு. கண்டித்தவர்களின் பேச்சுத்தான் அதிகம் மிஞ்சியிருக்கிறது.

நம் சமூகத்தின் வரலாற்றையும் கொஞ்சம் பார்ப்போம். இலங்கை முஸ்லிம்களின் கல்வி என்று பேச்செடுத்தால் முதலில் வரும் பெயர் அறிஞர் சித்திலெவ்வை. 1838இல் பிறந்து 1898இல் மறைந்தவர். சட்டத்தரணி. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர். பாடசாலைகள் அமைக்க ஊர் ஊராக அலைந்தவர், பெண் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று வாதாடியவர். அந்த மனிதர் 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலை எழுதினார். தமிழில் வந்த முதல் சில நாவல்களில் ஒன்று அது. அதில் என்ன இருக்கிறது? எகிப்தில் பிறந்து, குழந்தையிலேயே கடத்தப்பட்டு, இந்தியாவில் வளர்ந்த ஒருவன். அவனுடைய பிறப்பில் ஒரு மர்மம். சதிகாரர்கள், ஆபத்துகள், காதல். நூறு வருடத்துக்கு மேலாக நாம் மதிக்கும் ஒரு கல்விமான், மக்களை வாசிக்க வைக்க மர்மமும் காதலும் உள்ள கதையைத்தான் கையில் எடுத்தார். அசன்பேயும் சுசீலாவும் ஒன்று என்று நாங்கள் சொல்லவில்லை. இன்பமாக வாசிப்பதும் கல்வியும் ஒன்றுக்கொன்று பகை என்று அவர் நினைக்கவில்லை என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறோம்.

இனி அந்த நாவலைப் பற்றி எங்கள் நால்வரின் அபிப்பிராயத்தையும் சொல்லாமல் போனால் சரியில்லை. உரையாடல் வேகமானது, உயிருள்ளது. சுசீலா அழுதுகொண்டிருக்கும் பெண் அல்ல, வேலை செய்யும் பெண், அதை மதிக்கிறோம். துப்புகள் போதாது, முடிவு அவசரம். டீ சேர்ட் பகிடியில் பாதி இல்லாமலே நாவல் நன்றாக ஓடியிருக்கும், சுசீலாவின் புத்திக்கு இன்னும் இடம் கிடைத்திருக்கும். செத்தவருக்கு ஒரு பக்கமாவது கொடுத்திருக்கலாம். பஸ்ஸில் மூன்று மணித்தியாலப் பயணத்துக்கு நல்ல துணை. இது எங்கள் கணக்கு. நீங்கள் வாசித்துவிட்டு வேறு மாதிரிச் சொன்னால் கேட்கக் காத்திருக்கிறோம்.

வாசிகசாலைக் குழுவிடம் எங்கள் வேண்டுகோள் இவ்வளவுதான்.

ஒன்று, அலுமாரியை அகற்ற வேண்டாம். சிறுவர் பகுதியிலிருந்து தள்ளி உள்ளறையில் வையுங்கள். வயதுக் கட்டுப்பாடு போடுங்கள். நாங்களே முதலில் கையெழுத்து வைக்கிறோம்.

இரண்டு, அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு நூறு பக்க அப்பியாசக் கொப்பி வைப்போம். புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பவர் மூன்று வரி எழுத வேண்டும். எந்த இடம் பிடித்தது, எந்த இடம் பிடிக்கவில்லை, ஏன்? பெயர் எழுதத் தேவையில்லை. அடுத்து எடுப்பவர் அதை வாசித்துவிட்டு எடுக்கட்டும். "சூப்பர்" என்றும் "சாக்கடை" என்றும் மட்டும் எழுதியிருந்தால் அது கணக்கில் வராது.

மூன்று, அலுமாரியை அகற்ற வேண்டும் என்று கூட்டத்தில் பேச வருபவர்கள், அதில் இருந்து ஒரே ஒரு நாவலை வாசித்துவிட்டு வரவேண்டும். எந்தப் பக்கம் தவறு என்று குறித்துக்கொண்டு வாருங்கள். நாங்களும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவோம். நீங்கள் சொல்வது சரி என்று பட்டால் அந்தப் புத்தகத்தை நாங்களே எடுத்து வைத்துவிடுகிறோம். வாசித்த பிறகும் உங்கள் முடிவு மாறவில்லை என்றால் அது ஒரு வாசகரின் அபிப்பிராயம், அதற்குரிய மரியாதை எங்களிடம் உண்டு.

வாசிகசாலை அஸர் முதல் இஷா வரை திறந்திருக்கும். கிழிந்த பிரதி மேசையில்தான் இருக்கிறது. அட்டை இல்லை என்று தேட வேண்டாம், நூலகரிடம் கேட்டால் எடுத்துத் தருவார். நூற்றைம்பது பக்கமும் வராது. ஒரு பின்னேரம் போதும்.